திரும்பிப் போனவர்களை யார் கேட்பது?

பொதுக் கட்டடங்கள் மக்கள் வாழ்க்கையில் என்ன செய்கின்றன என்று மதிப்பிடும்போது, சம்பந்தப்பட்டவர்களையே அந்த வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில் எழுதியிருந்தேன். அந்த ஓரத்துக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பகுதி முழுவதும். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்ததால் மீதிப் பேரின் பெயரையும் விட்டுவிட்டேன். என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது மட்டும் இருக்கிறது. இந்த விஷயத்துக்குத் தேவையும் அதுதான்.

கேள்வி: கட்டடம் முடிந்து திறப்பு விழாவும் ஆகிவிட்டது. கான்கிரீட்டை இனி அசைக்க முடியாது. இப்போது போய் மக்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?
– ஒரு கட்டுமானப் பொறியாளர்

பதில்: கான்கிரீட்டை அசைக்க முடியாது, சரி. ஆனால் கட்டடத்தால் வரும் நல்லது கெட்டதில் பாதிக்கு மேல் கான்கிரீட்டில் இல்லை. எந்தக் கதவைத் திறந்து வைக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், டோக்கன் எங்கே தருகிறார்கள், பெஞ்ச் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் மாற்றலாம், மாற்ற வேண்டும் என்று தெரிந்தால்.

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவை மதிப்பிடப் போயிருந்தேன். பதிவுக் கவுன்டரில் தடித்த கண்ணாடி. நோயாளி தன் உபாதையை உரக்கச் சொன்னால்தான் உள்ளே இருப்பவர் காதில் விழும். பின்னால் ஒரு நீண்ட வரிசை, எல்லோருக்கும் காது உண்டு. அதனால் பெண்கள் பலர் ‘காய்ச்சல்’ என்று பதிந்துகொண்டு உள்ளே போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்வார்கள். டாக்டர் வேறு பிரிவுக்கு அனுப்புவார். மறுபடியும் அதே வரிசை. நிர்வாகத்தின் பதிவேட்டில் இது ‘காய்ச்சல் நோயாளிகள் அதிகம்’ என்றுதான் தெரிந்தது. விஷயத்தை எனக்கு உடைத்துச் சொன்னவர் டாக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. தினமும் அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் பெண் ஊழியர். வரிசையைப் பத்தடி பின்னால் தள்ளித் தரையில் ஒரு கோடு, கண்ணாடியில் வாய் உயரத்துக்கு ஒரு துளை, அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. கடப்பாரைக்கு வேலையே இல்லை.

உங்கள் தொழிலுக்கும் இது புதிது அல்ல. பிரிட்டனின் ஆர்க்கிடெக்டுகள் அமைப்பான ஆர்.ஐ.பி.ஏ. 1963-இல் வெளியிட்ட வேலைத் திட்டத்தின் கடைசிப் படியே, கட்டடம் புழக்கத்துக்கு வந்தபின் திரும்பிப் போய்ப் பார்த்து வருவதுதான். அதற்கு யார் சம்பளம் தருவது என்பதில் சிக்கல். 1972-இல் ஒப்பந்தப் பணிகளின் பட்டியலிலிருந்து அந்தப் படியை எடுத்துவிட்டார்கள். ‘பயன்பாட்டில்’ என்ற பெயரில் அது ஏழாவது படியாகத் திரும்ப வந்தது 2013-இல். நடுவே நாற்பது வருடம். அந்த நாற்பது வருடத்தில் எத்தனை கவுன்டர்கள், எத்தனை கண்ணாடிகள் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: சம்பந்தப்பட்டவர்கள் என்று பார்த்தால் ஊரே சம்பந்தப்பட்டதுதான். பட்டியலை எங்கே நிறுத்துவது?
– நகர நிர்வாகத்தில் பணிபுரிபவர்

பதில்: நிறுத்துவதை அப்புறம் பேசலாம். முதலில் தொடங்க வேண்டும். என் கைக்கு வரும் பட்டியல்களில் பெரும்பாலும் ஐந்து வரி இருக்கும்: துறை, ஒப்பந்ததாரர், ஆர்க்கிடெக்ட், ஊழியர் சங்கம், கடைசியாகப் ‘பொதுமக்கள்’. அந்தக் கடைசி வரியைப் பார்த்தாலே எனக்குச் சலிப்பு வரும். பொதுமக்கள் என்று ஒருவரும் கிடையாது. கைக்குழந்தையோடு வருகிறவர் உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவர் உண்டு. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, இன்றைக்கே வேலை முடியாவிட்டால் இன்னொரு நாள் சம்பளமும் போச்சு என்று நிற்பவர் உண்டு. படிக்கத் தெரியாததால் அறிவிப்புப் பலகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்பவர் உண்டு. இவர்களை ஒரே வரியில் போட்டால், யாரிடம் கேட்பது சுலபமோ அவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவோம்.

நான் மூன்று தாள் எடுத்துக்கொள்வேன். முதல் தாளில் உள்ளே வருகிறவர்கள். வேலை செய்ய வருகிறவர்களும் இதில்தான். தூய்மைப் பணியாளர், இரவுக் காவலாளி, லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவர் வரைக்கும். இரண்டாவது தாளில், உள்ளே காலே வைக்காமல் கட்டடத்தைச் சுமக்கிறவர்கள். அது எழும்பியதால் வீட்டுக்கு வெயில் வராமல் போனவர், குறுக்குப் பாதை அடைபட்டுத் தினமும் சுற்றிப் போகிறவர், இடத்தைக் கொடுத்துவிட்டு வேறு எங்கோ போய்விட்டவர். இந்த இடம் கொடுத்தவரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். திறப்பு விழாவின்போது அவர் அந்தப் பகுதியிலேயே இருக்க மாட்டார்.

மூன்றாவது தாள்தான் கஷ்டம்: வர வேண்டியவர்கள், ஆனால் வராதவர்கள். இருக்கிறவர்களை எண்ணலாம், இல்லாதவர்களை எப்படி எண்ணுவது? வாசல் காவலாளியிடம் போய் உட்காருங்கள். யார் படி வரைக்கும் வந்து திரும்பினார்கள், எதைப் பார்த்துத் திரும்பினார்கள் என்று அவருக்குத் தெரியும். பளபளக்கும் தரையைப் பார்த்து, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தெரியாமல் திரும்பியவர்கள் உண்டு. பையைச் சோதிக்கிறார்கள் என்று திரும்பியவர்கள் உண்டு. உறுப்பினர் அட்டைக்கு முகவரிச் சான்று கேட்ட நூலகத்தில், நிலையான முகவரியே இல்லாதவர் என்ன செய்வார்? அவர் எந்தப் புகார்ப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார். புகார்ப் புத்தகம் உள்ளே இருக்கிறதே.

நீதிமன்றக் கட்டடங்களில் இது இன்னும் கடுமை. நீதிபதிக்குத் தனி வழி, காவலில் இருப்பவருக்குத் தனி வழி என்று வரைபடத்தில் கவனமாகப் போட்டிருப்பார்கள். சாட்சி சொல்ல வந்த பெண்ணும் குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர்களும் ஒரே தாழ்வாரத்தில், ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். வரைந்தவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவரிடம் கொடுத்த பட்டியலில் ‘சாட்சி’ என்ற வரியே இருந்திருக்காது.

எங்கே நிறுத்துவது என்றால், புதிதாக ஒரு தரப்பைப் பார்த்துப் பேசியும் ஏற்கனவே கேட்டதே திரும்ப வருகிறது என்றால் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முன்னால் பணம் தீர்ந்துவிட்டது என்றால் அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்: இன்னாரை நாங்கள் கேட்கவில்லை என்று. எழுதாமல் விடுவதுதான் தப்பு.

கேள்வி: கருத்துக்கேட்புக் கூட்டம் போடுகிறோமே, அது போதாதா?
– திட்ட அலுவலர்

பதில்: கூட்டம் போடுவது நல்லதுதான். எப்போது போடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. வரைபடத்துக்குக் கையெழுத்து ஆனபிறகு, பவர்பாயின்ட்டில் வண்ணப் படம் காட்டிவிட்டு, ‘ஏதாவது கருத்து உண்டா’ என்று மைக்கை நீட்டுவது என்றால், வந்தவர்களுக்கும் தெரியும் அது எதற்கு என்று.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இல் ஒரு கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். அரசாங்க வேலையில் இருந்து, மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் நடந்ததையெல்லாம் உள்ளேயிருந்து பார்த்தவர். கீழ் இரண்டு படிகளில் பங்கேற்பே கிடையாது, மக்களைச் சமாளிப்பதுதான். அடுத்த மூன்றும், அதாவது தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஓரிருவரைக் குழுவில் உட்கார வைத்துத் திருப்திப்படுத்துவது, எல்லாம் பெயரளவுக்குத்தான் என்கிறார். ஆறாவது படியிலிருந்துதான் முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கு வருகிறது. உங்கள் கூட்டம் நாலாவது படி. அம்பது வருடத்துக்கும் மேலாகியும் பெரும்பாலானவர்கள் அங்கேயே நிற்கிறார்கள் என்பதால் தனியாக உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மேலே ஏறுவது எப்படி? மதிப்பீட்டில் எதை அளப்பது என்பதையே அவர்களிடம் விட்டுப் பாருங்கள். துறை அளக்க விரும்புவது வருகை எண்ணிக்கை, சதுர அடி, மின்சாரச் செலவு. அதே கட்டடத்துக்கு வரும் அம்மாவிடம் கேட்டால், ‘நான் கவுன்டரில் நிற்கும்போது என் பிள்ளை என் கண்ணில் படுமா’ என்பார். இதையும் அளக்கலாம். வரைபடத்தில் கோடு போட்டே அளக்கலாம். அவர் சொல்லாவிட்டால் அது படிவத்தில் ஏறவே ஏறாது.

இன்னொரு வழி, அலுவலகத்தையே அங்கே கொண்டுபோய் வைப்பது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் பைக்கர் பகுதியை 1969 வாக்கில் மறுபடி கட்டும் பொறுப்பை ஏற்ற ஆர்க்கிடெக்ட் ரால்ஃப் எர்ஸ்கின், அங்கே காலியாகக் கிடந்த ஒரு கடையில், முன்பு இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்து தந்தவர்களின் கடை அது, தன் வரைபட மேசைகளைப் போட்டார். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வரைபடத்தைப் பார்க்க வந்தவர்களைவிட, வேறு ஏதோ குறையைச் சொல்ல வந்தவர்கள் நிறைய. அதுதான் லாபம். பைக்கரை இன்றும் பங்கேற்புக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள், நியாயம்தான். ஆனால் வேலை 1980-கள் வரை இழுத்ததில், பழைய தெருக்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் புது வீடுகளுக்கு வரவே இல்லை. புது வீட்டுக்காரர்களை மட்டும் கேட்டால் நல்ல மதிப்பெண் வரும். மேலே சொன்ன இரண்டாவது தாளை எடுத்துப் பார்த்தால் கணக்கு வேறு.

கேள்வி: ஆர்க்கிடெக்டிடமும் கருத்துக் கேட்க வேண்டாமா?
– கட்டடக்கலை மாணவர்

பதில்: கேட்க வேண்டும். கட்டடத்துக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கூட்டமான நேரத்தில், வரிசையில் நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் ஆண்டுதோறும் கருத்துப் படிவம் கொடுக்கிறோம். எல்லோரும் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று டிக் போடுகிறார்கள். நூலகம் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும். என்ன செய்வது?
– ஒரு நூலகர்

பதில்: உங்களைப் போல ஒருவர் எழுதுவது சந்தோஷம். படிவத்தை நீட்டுபவர் அங்கேயே வேலை செய்பவர், புன்னகையோடு நீட்டுகிறார், அவர் முகத்துக்கு எதிரே ‘மோசம்’ என்று யார் எழுதுவார்கள்? பொய் சொல்வதாக அர்த்தமில்லை, மரியாதை. அதிலும் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் குறை சொல்ல மனசு வராது.

கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். ‘கடைசியாக வந்தபோது எங்கே உட்கார்ந்தீர்கள்? ஏன் அங்கே? எப்போது எழுந்து போனீர்கள்? ஏன் அப்போது?’ என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வதில் யாருக்கும் சங்கடமில்லை. ‘நாலு மணிக்குக் கிளம்பிவிட்டேன், கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது, இங்கே போக முடியாது’ என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவர் படிவத்திலோ ‘மிக நன்று’ என்றுதான் இருந்திருக்கும்.

இன்னும் நல்லது, கூடவே நடப்பது. ஒருவர் வாசலில் நுழைவதிலிருந்து வெளியே போவது வரை அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்துவாருங்கள். வாயால் சொல்லாததைக் கால் சொல்லும். எங்கே தயங்குகிறார், எங்கே வழி கேட்கிறார், எந்தப் பலகையைப் பார்க்காமலே தாண்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் வைட் என்பவர் 1970-களில் நியூயார்க்கின் பெரிய கட்டடங்களுக்கு முன்னால் இருக்கும் திறந்த வெளிகளில் கேமரா வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாகப் படம் பிடித்தார். வெயில், அழகு, பரப்பளவு என்று பலரும் பல காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டது: உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மக்கள் அதிகம் உட்காருகிறார்கள். சிரிப்பு வரும். ஆனால் உட்கார இடமே வைக்காமல் அத்தனை திறந்த வெளிகளைக் கட்டியிருந்தார்களே! நகர விதிகளை அப்புறம் திருத்தினார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலியை மக்கள் உட்காருவதற்கு முன் ஓர் அங்குலமாவது நகர்த்துவார்கள் என்றும் அவர் கவனித்திருந்தார். உங்கள் நூலகத்து நாற்காலிகள் தரையோடு பூட்டப்பட்டவையா?

கேள்வி: ஜன்னல் கேட்டால் ஆடம்பரம் என்கிறார்கள். வார்டில் இருக்கும் எங்களுக்குத் தெரிகிறது நோயாளிகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று. ஆனால் ‘ஆதாரம் என்ன’ என்று கேட்டால் வாயடைத்துப் போகிறோம்.
– ஒரு செவிலியர்

பதில்: நீங்களே எழுதி வைத்திருப்பதுதான் ஆதாரம். ராஜர் உல்ரிச் 1984-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, 1972 முதல் 1981 வரையிலான பழைய பதிவேடுகள், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். 23 பேரின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. அவர்களோடு வயது முதலியவற்றில் ஒத்துப்போன இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரம் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

உங்களுக்கு முக்கியமான இடம் வேறு. உல்ரிச் படித்தவற்றில் செவிலியர் குறிப்புகளும் உண்டு. ‘அழுதுகொண்டிருக்கிறார்’, ‘தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது’ என்ற மாதிரியான வரிகள். அவை சுவர்ப் பக்கத்து நோயாளிகளுக்கு அதிகமாக இருந்தன. அந்தச் செவிலியர்கள் எவரும் கட்டடத்தை மதிப்பிடுகிறோம் என்று நினைத்து எழுதவில்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்குத் தெரிய வேண்டுமே என்று எழுதினார்கள். ஒரே மருத்துவமனை, சிறிய எண்ணிக்கை, ஆகவே இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல வேண்டாம். உங்கள் வார்டின் குறிப்புகளை, நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு, படுக்கை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: மக்களைக் கேட்டால் எல்லாம் பெரிதாக வேண்டும் என்பார்களே?
– ஓர் ஒப்பந்ததாரர்

பதில்: அப்படி ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவை மண்டபம் 1941-இல் குண்டுவீச்சில் அழிந்தது. எப்படித் திரும்பக் கட்டுவது என்று 1943 அக்டோபரில் அங்கே உட்கார வேண்டிய உறுப்பினர்களே விவாதித்தார்கள். பிரதமர் சர்ச்சில் கேட்டது பெரிய மண்டபம் அல்ல. எல்லோரும் உட்கார இடம் இல்லாத அளவு சிறியதாகவே இருக்கட்டும் என்றார். இல்லாவிட்டால் சாதாரண நாட்களில் வெறிச்சோடிக் கிடக்கும், பேச்சில் உயிர் இருக்காது என்பது அவர் வாதம். 1950-இல் திறந்த மண்டபம் அப்படித்தான் இருக்கிறது. இன்று 650 உறுப்பினர்களுக்கு 427 இருக்கைகள்.

அது நல்ல முடிவா என்று நான் சொல்ல வரவில்லை. நின்றுகொண்டிருக்கும் உறுப்பினரைக் கேளுங்கள். தினமும் ஓர் இடத்தைப் புழங்குகிறவர்களுக்கு அளவைத் தாண்டி வேறு கவலைகள் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

கேள்வி: இப்போதெல்லாம் ‘ஒன்று போட்டால் நாலு மடங்கு சமூகப் பயன்’ என்று அறிக்கைகளில் பார்க்கிறேன். நம்பலாமா?
– கணக்குத் தணிக்கையாளர்

பதில்: தணிக்கையாளர் கேட்கிறார் என்றதும் உஷாராகிவிட்டேன். 1990-களில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கணக்கு முறை இது. முதலீட்டுக்கு என்ன சமூகப் பலன் என்று பண மதிப்பில் காட்டுவது. அதன் முதல் விதியே சம்பந்தப்பட்டவர்களை ஈடுபடுத்த வேண்டும் என்பதுதான். இன்னொரு விதி, மிகைப்படுத்தாதே. முதலாவதை விட்டால் இரண்டாவதும் போய்விடும் என்பது என் அனுபவம்.

நீங்கள் சரிபார்க்க வேண்டியவை இவை. இந்தக் கட்டடம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக் கூடியதைக் கழித்தார்களா? புதுச் சமுதாயக் கூடத்துக்கு வரும் இளைஞர்கள் ஏற்கனவே வேறு மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் என்றால், இங்கே கூடியது அங்கே குறைந்தது. அதைக் கழித்தார்களா? மற்றவர்கள் செய்த வேலையின் பலனையும் கட்டடத்தின் பேரில் எழுதிக்கொண்டார்களா? இதையெல்லாம் வந்தவர்களிடம் கேட்காமல் தெரிந்துகொள்ளவே முடியாது. கேட்டார்களா, எத்தனை பேரை, யார் கேட்டது என்று பின்னிணைப்பில் தேடுங்கள். பின்னிணைப்பு இல்லை என்றால் அந்த நாலு மடங்கை மடித்து வைத்துவிடலாம்.

இன்னொன்று. பண மதிப்பே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். நிதிக் குழுவின் முன்னால் எண் இல்லாமல் பேச முடியாது. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, பணத்தில் சொல்ல முடியாதது என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். சாட்சிப் பெண்ணின் பயத்தைப் பணமாக்கிச் சேர்த்துவிட்டால் அது வாகன நிறுத்துமிட வருமானத்தோடு கூட்டப்பட்டுக் காணாமல் போகும்.

கேள்வி: எங்கள் கூட்டங்களில் எப்போதும் அதே நாலு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை.
– சமூகப் பணியாளர்

பதில்: அந்த நாலு பேரை வையாதீர்கள், அவர்களாவது வருகிறார்கள். கூட்டத்தைச் சின்னதாக்குங்கள். இளைஞர்கள் தனியாக, பெண்கள் தனியாக, ஊழியர்களில் மேலதிகாரி இல்லாமல் கீழ்நிலையில் இருப்பவர்கள் தனியாக. நேரமும் முக்கியம்: பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யுங்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். உங்களுக்கு மட்டும் சம்பளம், அவர்களுக்கு நேர விரயம் என்றால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

முக்கியமாக, எல்லோர் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். பிரிட்டனில் 2000-களின் தொடக்கத்தில் உருவான ஒரு வடிவமைப்புத் தர அளவுகோல் உண்டு. பயன், கட்டுமானத் தரம், ஏற்படுத்தும் தாக்கம் என்று மூன்று தலைப்பு; கட்டியவர், பணம் போட்டவர், பயன்படுத்துபவர் எல்லோரும் ஒரே படிவத்தை நிரப்பலாம். எனக்கு அதில் பிடித்தது, ஒரே கேள்விக்கு இரண்டு தரப்பின் மதிப்பெண் எங்கே எட்டிப் போகிறது என்று பார்க்க முடிவது. வரவேற்பறைக்கு நிர்வாகம் பத்துக்கு ஒன்பது, வருகிறவர்கள் மூன்று போட்டால், சராசரி ஆறு என்று எழுதுவது அயோக்கியத்தனம். ஆறு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

கேள்வி: சின்னக் குழந்தைகளிடம் என்ன கேட்க முடியும்?
– மழலையர் பள்ளி ஆசிரியை

பதில்: கேட்க வேண்டாம், கேமராவைக் கொடுங்கள். அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படி ஒரு முறையை 2001-இல் எழுதினார்கள். குழந்தைகளே படம் எடுப்பார்கள், பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கட்டடம் முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், வரைபடம் போடுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து அவர்களோடு பேச வேண்டும். படங்கள் வந்ததும் முதலில் உயரத்தைக் கவனியுங்கள். உங்கள் அறிவிப்புப் பலகை ஒன்றுகூட அவற்றில் இருக்காது. மேசைக்கு அடியில் இருக்கும் இடம் நிறைய இருக்கும்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் ஏதும் இல்லையா?
– வழக்கறிஞர்

பதில்: உங்களுக்குத் தெரியாததா! அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்திலிருந்துதான் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற துறையே கிளம்பியது. இந்தியாவின் 2013 நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் பொது விசாரணையையும் வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும். இரண்டும் கட்டுவதற்கு முந்தைய கட்டத்தையே அதிகம் பார்க்கின்றன. திறந்தபிறகு திரும்பி வந்து, முன்பு சொன்னது நடந்ததா என்று பார்க்கும் வேலைதான் எப்போதும் பலவீனம். ஒப்பந்தத்திலேயே அதற்கு ஒரு பிரிவும் ஒரு தொகையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: கேட்டார்கள், சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் கேட்க வருகிறார்கள். ஏன் பதில் சொல்ல வேண்டும்?
– பெயரும் தொழிலும் எழுதாதவர்

பதில்: சொல்ல வேண்டியதில்லை. முதலில் நீங்கள் கேளுங்கள்: போன முறை நாங்கள் சொன்னது எங்கே? எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை? இதற்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவரட்டும், அப்புறம் உட்காரலாம்.

செய்யாததைச் சொல்வதில் வெட்கமில்லை. ஹெல்சின்கியில் ஓடி என்ற நூலகம் 2018 டிசம்பரில் திறந்தது. கட்டுவதற்கு வெகுமுன்பே மக்களிடம் கனவுகளைக் கேட்டு வாங்கினார்கள். எல்லாக் கனவும் நிறைவேறவில்லை. ஆனால் இரண்டாம் மாடியில் தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கின்றன. நூலகத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களை விட, வரிசையில் காத்திருப்பவர்கள் அங்கே அதிகம்.

கேள்வி: திறந்து எத்தனை நாள் கழித்து மதிப்பிடலாம்?
– ஓர் ஆர்க்கிடெக்ட்

பதில்: திறந்த மாதத்தில் போகாதீர்கள். அப்போது எல்லோரும் புதுசைப் பார்க்கத்தான் வருகிறார்கள், பெயின்ட் வாசனைகூட அடங்கியிருக்காது. ஒரு வருடமாவது ஓடட்டும். மழை, வெயில், பரீட்சைக் காலம், விடுமுறை எல்லாம் ஒரு சுற்று வர வேண்டும். 1995 முதல் 2002 வரை பிரிட்டனில் ‘ப்ரோப்’ என்ற பெயரில் புழக்கத்தில் இருந்த கட்டடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வுத் தொடர் ஒன்று நடந்தது. அதில் தெரிந்த ஒரு விஷயம் உங்களுக்குப் பயன்படும்: தன் ஜன்னலைத் தானே திறக்க, தன் விளக்கைத் தானே அணைக்க முடிந்தவர்கள் கட்டடத்தின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்கிறார்கள். முதல் மாதத்தில் போய்க் கேட்டால் இது தெரியாது. சுவிட்ச் எங்கே என்றே அப்போது யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

மூன்று, நான்கு வருடம் கழித்து இன்னொரு முறை போங்கள். முதல் முறை பேசியவர்களில் யார் இப்போது வருவதில்லை என்று பார்த்து, அவர்களை வீட்டில் போய்ப் பாருங்கள். போகும்போது முதல் அறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்துப் போங்கள். அவர்கள் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே மடித்து வைத்துக்கொள்ளுங்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள்.